சின்னத்தாய் விற்ற ரேடியோ

கம்பம் பள்ளத்தாக்குக்கு விடுமுறையில் வரும் நண்பர்கள் அநேகமாக எல்லோரும் சொல்லும் ஒரு வாக்கியம் உண்டு. இளையராஜா பிறந்த மண் வழியாக, இளையராஜா பாட்டைக் கேட்டுக்கொண்டே போவதுபோல வராது என்பார்கள். உண்மைதான். வீரபாண்டியைத் தாண்டியதும் சாலையோரம் நெல்வயல் தொடங்கிவிடும். சின்னமனூர், உத்தமபாளையம் கடந்து கம்பம் நெருங்கும்போது திராட்சைப் பந்தல்கள். இரண்டு பக்கமும் மலை கூடவே வரும். நல்ல ஒலிக்கருவி உள்ள காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டு 1980களின் பாட்டு ஒன்றை ஓடவிட்டால், வயலின்கள் மலையிலிருந்து இறங்கி வருவதுபோலத்தான் இருக்கும். நானும் அப்படிக் கேட்டு மயங்கியவள்தான். ஆனால் எந்தக் காரில் போனாலும் பாட்டை மாற்றும் கை யாருடையது என்று பார்க்கும் கெட்ட பழக்கமும் எனக்கு உண்டு. அந்தக் கை பெரும்பாலும் முன்னிருக்கையில் இருக்கிறது. பின்னிருக்கையில் பிள்ளைக்கு பிஸ்கட் பிரித்துக் கொடுத்தபடி, புளிச்சோற்றுத் தூக்குச்சட்டி சாயாமல் காலிடுக்கில் பிடித்தபடி இருப்பவளிடம் என்ன பாட்டு வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. அபூர்வமாகக் கேட்டாலும், "எதாச்சும் போடுங்க" என்றுதான் அவள் சொல்வாள்.

அந்த 'எதாச்சும்' எங்கிருந்து வந்தது என்பதுதான் என் கேள்வி.

கோம்பைக்கும் தேவாரத்துக்கும் இடையில், மலையடிவாரத்தில் இருக்கிறது பண்ணைப்புரம். 1960களின் கடைசியில் அந்த ஊரிலிருந்து பாஸ்கர், ராசையா, அமரன் என்ற மூன்று சகோதரர்கள் சினிமாவில் இசையமைக்கும் கனவோடு சென்னைக்குக் கிளம்பினார்கள். கையில் பணமில்லை. தாய் சின்னத்தாய், வீட்டிலிருந்த ரேடியோவை விற்று 400 ரூபாயை அவர்களிடம் கொடுத்து அனுப்பினார். ராசையா என்ற இளையராஜாவே இதைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். கேட்கும் கூட்டம் கண்கலங்கிக் கைதட்டும். நானும் தட்டியிருக்கிறேன். தியாகம் என்று சொல்லிவிட்டால் அதன் பிறகு அந்தப் பொருளைப் பற்றி யோசிக்க வேண்டியதில்லை. அவர் விற்றது நகையை அல்ல, ஆட்டை அல்ல, ரேடியோவை. பிள்ளைகள் பாட்டைத் தேடிப் பயணம் போவதற்காக, வீட்டில் பாட்டு வந்துகொண்டிருந்த வழி அடைபட்டது. அவர்கள் போன பிறகு அந்த வீட்டில் சாயங்காலங்களில் சின்னத்தாய் எதைக் கேட்டார் என்று யோசித்த கட்டுரை எதையும் நான் படித்ததில்லை.

அந்தக் காலத்தில் ஒரு கிராமத்து வீட்டில் ரேடியோ இருப்பது சாதாரண விஷயமல்ல. அதற்கு உரிமம் வாங்க வேண்டும். ஆண்டுதோறும் தபால் ஆபீசில் கட்டணம் கட்ட வேண்டும். 1980களில்தான் அது ஒழிந்தது. பெரும்பாலான ஊர்களில் பஞ்சாயத்து ரேடியோதான். மந்தையில், பஞ்சாயத்துக் கட்டடத்தின் நெற்றியில் ஒலிபெருக்கி இருக்கும். அதன் எதிரே சிமெண்டுத் திண்டு இருக்கும். திண்டில் ஆண்கள். சின்னமனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் வளர்ந்த என் அம்மா, அந்தத் திண்டில் ஒருநாள்கூட உட்கார்ந்ததில்லை. தண்ணீர்க் குழாயடியில் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு நின்றால் பாட்டு கேட்குமாம். வரிசை நகர்ந்துவிட்டால் பாட்டு பாதியில் போய்விடும். 1952-ல் மத்திய அமைச்சர் கேஸ்கர் அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டுக்கு இடமில்லை என்று ஆக்கியதும், தேசமே இலங்கை வானொலிப் பக்கம் திரும்பியதும், அதற்கு ஈடுகொடுக்க 1957-ல் விவித் பாரதி தொடங்கப்பட்டதும் வானொலி வரலாற்றில் விரிவாக எழுதப்பட்டிருக்கின்றன. அதே ஆண்டுகளில் குழாயடியில் நின்று பாதிப் பாட்டு கேட்டவர்களின் வரலாறு அம்மாக்களின் வாயில்தான் இருக்கிறது.

அதற்காக இந்தப் பள்ளத்தாக்கின் பெண்கள் பாட்டில்லாமல் இருந்தவர்கள் என்று நினைத்துவிடக் கூடாது. நிலைமை நேரெதிர். 1895-ல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிக்கப்பட்டு, மேற்கே போன தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் திருப்பப்பட்டது. லோயர் கேம்ப் முதல் பழனிசெட்டிபட்டி வரை இருபோகம் விளையும் 14,707 ஏக்கர் என்பது இங்கே சின்னப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கணக்கு. இருபோகம் என்றால் வருடத்துக்கு இரண்டு நடவு, இரண்டு களையெடுப்பு. அத்தனையிலும் சேற்றுக்குள் குனிந்து நின்றவர்கள் நிலமில்லாத சாதிகளின் பெண்கள். குனிந்த முதுகு வலி தெரியாமலிருக்க ஒருத்தி எடுத்துக்கொடுப்பாள், மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். இடையிடையே குலவை. அம்மா அப்படி எடுத்துக்கொடுக்கிறவளாக இருந்தாள் என்பது எனக்கு அவளுடைய தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரியும்.

முனைவர் பட்டத்துக்குப் படித்த காலத்தில் நாட்டார் பாடல் தொகுப்புகளை வரிசையாக வாசித்தேன். பெர்சி மக்வீன் என்ற ஆங்கிலேய அதிகாரி திரட்டியவற்றைக் கி.வா. ஜகந்நாதன் பதிப்பித்த 'மலையருவி', நா. வானமாமலையின் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' இரண்டும் இல்லாவிட்டால் நாம் பரம ஏழைகள். அந்த நன்றி எனக்கு உண்டு. ஆனாலும் பாட்டின் அடியில் சேகரித்தவர் பெயரையும் வட்டாரத்தையும் பார்க்கும்போதெல்லாம், பாடியவளின் பெயரைத் தேடிக் கண் அலையும். 1976-ல் 'அன்னக்கிளி' வந்தபோது தமிழ்நாடே அந்தப் பாடல்களில் மண்வாசனை வீசுவதாகச் சொன்னது. அந்த மண்ணை மிதித்து நாற்று நட்டவர்களுக்கு அந்த மெட்டுகளில் அந்நியமாக எதுவும் இல்லை. தங்கள் வரப்பிலிருந்து போனது, எஸ். ஜானகியின் குரலில், வாத்தியங்கள் சூழத் திரும்பி வருகிறது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அம்மா அதை வேறு மாதிரிச் சொல்வாள்: "நம்ம வீட்டுப் பிள்ளைய அடுத்த ஊருல கட்டிக்குடுத்து, நகை நட்டோட திருவிழாவுக்கு வந்த மாதிரி."

பாட்டு இந்த மலைகளில் ஊர் ஊராகப் போன கதையிலும் இப்படி ஒரு முரண் உண்டு. 1957-ல் கேரளச் சட்டமன்றத்துக்குத் தேவிகுளத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ், அந்த மன்றத்தில் முதன்முதலாகப் பதவியேற்றவர். நீதிமன்றம் அந்தத் தேர்தலைச் செல்லாது என்று ஆக்க, 1958-ல் இடைத்தேர்தல் வந்தது. தேயிலைத் தோட்டங்களில் வாக்காளர்களில் பெரும்பகுதி தமிழ்த் தொழிலாளர்கள். அவர்களிடையே பாட்டுப் பாடிப் பிரசாரம் செய்ய மலையேறியவர் பண்ணைப்புரத்து மூத்த அண்ணன் பாவலர் வரதராசன். ரோசம்மா மறுபடியும் வென்றார். பின்னர் பதின்வயதில் ராசையாவும் அண்ணனின் குழுவோடு ஊர் ஊராகப் பயணித்தார். குரல் உடையாத வயது என்பதால் கச்சேரியில் பெண்குரல் பாட்டுகளை அவரே பாடினார். பெண் வேட்பாளருக்காக, கொழுந்து பறிக்கும் பெண்கள் நிறைந்த மலையில் வாக்குக் கேட்கும் இயக்கம். அந்த இயக்கத்தின் மேடையிலும் பெண்குரல் வேண்டுமென்றால் ஒரு பையன்தான் பாட வேண்டியிருந்தது. இதைக் குற்றச்சாட்டாகச் சொல்லவில்லை. ராத்திரியில் ஆண்களோடு வண்டியேறி ஊர் ஊராகப் போய்ப் பாடும் பெண்ணுக்கு அன்று ஊர் வைத்திருந்த பெயர் வேறு. 1902-ல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் இசைத்தட்டுக்காகப் பாடிய நாளிலிருந்து, 1926-ல் பத்து வயதில் மதுரை எம்.எஸ். சுப்புலட்சுமியின் முதல் தட்டு வந்த நாள்வரை, பெண்குரலைப் பெட்டிக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவருவதில் யாருக்கும் தடையில்லை. அந்தக் குரல்காரிகளின் குலத்தைப் பற்றிப் பேசும்போதுதான் வாய்கள் கோணின.

எழுபதுகளுக்குப் பிறகு பாட்டு எல்லா இடத்திலும் கேட்டது. கல்யாணம், காதுகுத்து, சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா என்று மரத்துக்கு மரம் மைக்செட் குழாய்கள். மதுரை, தேனி, கம்பம் பேருந்துகளில் டேப்ரிகார்டர். 1928-ல் போடிக்கு வந்த மீட்டர்கேஜ் ரயிலும் உண்டு. அகலப்பாதைப் பணிக்காக 2010-ன் இறுதியில் அதை நிறுத்தினார்கள். 2022-ல் தேனி வரையிலும் 2023-ல் போடி வரையிலும் மறுபடி ரயில் வந்தது. நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள் பேருந்தே கதி. ஆகவே இந்தப் பள்ளத்தாக்கில் பயணத்தின் ஒலி என்றால் அது பேருந்துப் பாட்டுதான். ஓட்டுநர் கேசட்டைத் திருப்பிப் போடுவார். அவர் காதலில் இருந்தால் காதல் பாட்டு, தோற்றிருந்தால் சோகப் பாட்டு, ஐம்பது பேருக்கும்.

ஒலியின் தரம் என்று பேசத் தொடங்கினால் பெண்ணியவாதிகள் சிலரே முகம் சுளிக்கிறார்கள். வசதியுள்ள ஆண்களின் பொழுதுபோக்கு அது என்று நினைப்பு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. மைக்செட் குழாய் ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள ஒலிகளை ஒழுங்காகத் தராது. அது குரலைத் தூரத்துக்கு வீசுவதற்காகச் செய்த கருவி. பேருந்திலோ எஞ்சினின் உறுமல் தாழ்ந்த ஸ்வரங்களையெல்லாம் விழுங்கிவிடும். இளையராஜா பாடல்களில் குரலுக்கு அடியில் தனிக்கதை சொல்லிக்கொண்டு போகும் பேஸ் கிதாரை, அதைப் பற்றிப் புத்தகம் எழுதும் அளவுக்கு ரசிகர்கள் கொண்டாடுகிறார்கள். குழாயிலும் பேருந்திலும் மட்டுமே பாட்டுக் கேட்டவர்களுக்கு அது இருப்பதே தெரியாது. 1978-ல் வந்த 'ப்ரியா' படத்தின் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை. தமிழ்ப்படப் பாட்டில் அது அன்று புதுமை. கதையும் ஒரு நடிகை சிங்கப்பூர்ப் பயணம் போவதுதான். ஸ்டீரியோவைச் சரியாகக் கேட்க இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார வேண்டும். நடு இடத்தில் சாய்வு நாற்காலி போட்டு யார் உட்கார்ந்திருந்தார்கள், அடுப்படி வாசலில் ஒரு பக்க ஸ்பீக்கரின் ஒலி மட்டும் காதில் விழ யார் தேங்காய் துருவினார்கள் என்பது அந்த ஆண்டுகளில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும். என்ன பாட்டு வேண்டும் என்று சீட்டு எழுதிக் கேசட் பதியும் கடைக்குப் போனவர்களும் அண்ணன்கள்தான். என் சீட்டைத் தன் சீட்டின் கடைசியில் ஒட்டவைத்து எழுதிக்கொண்டு போவான் அண்ணன். 60 நிமிடக் கேசட்டில் இடம் தீர்ந்துபோனால் தீர்ந்தது என் பாட்டுகள்தான்.

சோனி நிறுவனம் 1979-ல் வெளியிட்ட முதல் வாக்மேனில் ஹெட்ஃபோன் செருக இரண்டு துளைகள் இருந்தன. நிறுவனர்களில் ஒருவரான அகியோ மொரிட்டா தன் சுயசரிதையில் அதற்குக் காரணம் சொல்கிறார். மாதிரிக் கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேட்டுக்கொண்டிருந்தபோது, தன்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டதுபோல் மனைவி வருந்தினாராம். இருவரும் சேர்ந்து கேட்கட்டும் என்று இன்னொரு துளை. நடுவில் பேசிக்கொள்ள, பாட்டின் ஒலியைத் தாழ்த்தும் ஒரு பொத்தான்கூட வைத்தார்கள். அடுத்தடுத்த மாதிரிகளில் இவை போய்விட்டன. சேர்ந்து கேட்பதைவிடத் தனியாகக் கேட்கத்தான் உலகம் ஆசைப்பட்டது.

எங்கள் ஊர்ப்பக்கம் வாக்மேன் வளைகுடாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் வந்தவர்களின் பெட்டியில்தான் வந்தது. கல்லூரிக் காலத்தில் ஒரு தோழியிடம் கடன் வாங்கி, மதுரையிலிருந்து ஊருக்கு வரும் பேருந்தில் மாட்டிக்கொண்டேன். உசிலம்பட்டி வருவதற்குள் வலதுபக்கத்தைக் காதிலிருந்து இறக்கிவிட்டேன். பின்னிருக்கையிலிருந்து இடுப்பை நோக்கி ஒரு கை வந்தது. இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு, கண்ணையும் மூடியிருந்ததால் அது நகர்ந்து வரும் சரசரப்பு எனக்குக் கேட்கவில்லை. அன்றிலிருந்து இருபது வருடங்களுக்கு மேல் நான் பயணத்தில் ஒரு காதால்தான் பாட்டுக் கேட்டேன். மறுகாது பேருந்துக்கு, காலடிச் சத்தத்துக்கு, இறங்க வேண்டிய நிறுத்தத்துக்கு. வகுப்பில் ஒருமுறை இதைச் சொன்னபோது மாணவிகள் சிரித்தார்கள். அவர்களில் பாதிப்பேர் கழுத்தில் தொங்கிய இயர்ஃபோனிலும் ஒரு முனைதான் தேய்ந்திருந்தது. பெண்கள் வேலையில்லாமல், காரணமில்லாமல் பொதுவெளியில் சும்மா இருக்கும் உரிமையைப் பற்றி ஷில்பா ஃபட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை முன்வைத்து 2011-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். சும்மா இருக்கும் உரிமையில், சுற்றியிருப்பதைக் கவனிக்காமல் இருக்கும் உரிமையும் அடக்கம் என்று அதன் ஓரத்தில் பென்சிலால் எழுதி வைத்தேன்.

விடுமுறைக்காரர்கள் போகும் அதே குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாலைகளில் அவர்களுக்கு முன்பே, விடியும் முன், ஜீப்புகள் ஏறிவிடுகின்றன. இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலிக்குப் போகும் பெண்கள் அவற்றில் திணித்து உட்கார்ந்திருப்பார்கள். போடிமெட்டுக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுகள். விபத்துச் செய்தி வராத வருடமில்லை. ஜீப்பில் சத்தமாகப் பாட்டு ஓடும். குமுளி பேருந்து நிலையத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த ஒரு அக்காவிடம், பாட்டு கேட்டுக்கொண்டே போவது நன்றாகத்தானே இருக்கும் என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். "நமக்கா போடுறாங்க? டிரைவரு கண்ணசந்துறக் கூடாதுன்னு போடுறது" என்றார். பிறகு, தோட்டத்தில் காயெடுக்கும்போது செல்போனை இடுப்புப் பையில் வைத்துப் பாடவிடுவதாகவும், வரிசையில் உள்ள எல்லோருக்கும் கேட்குமென்றும் சொன்னார். என்ன பாட்டு என்று கேட்டேன். "அது எங்க இஷ்டம்" என்று சிரித்தார். சிமெண்டுத் திண்டு இல்லாத, அண்ணன் சீட்டு எழுதாத பாட்டு.

2015 செப்டம்பரில் மூணாற்றில் தேயிலைப் பெண்கள் 20 சதவீத போனஸ் கேட்டுத் தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் அண்டவிடாமல் தாங்களே சாலையில் அமர்ந்தார்களே, பெம்பிளை ஒருமை என்று, அப்போதும் எனக்கு இந்தச் சாலைதான் ஞாபகத்துக்கு வந்தது. ஒன்பது நாட்கள் சுற்றுலா வண்டிகள் கேட்க வேண்டியிருந்தது அவர்கள் போட்ட முழக்கத்தை.

கடந்த கோடை விடுமுறையில் அம்மாவைக் குமுளிக்குக் கூட்டிப்போனேன். வேலை எதுவும் இல்லை, கோயில் நேர்த்திக்கடன்கூட இல்லை. 2021-ல் நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை என்று ஆன பிறகு அம்மாவுக்குச் சும்மா போய்வரும் ருசி வந்திருக்கிறது. தேனிக்குப் போய் ஒரு காப்பி குடித்துவிட்டு வருவாள். குமுளி வண்டிக்கு டிக்கெட் உண்டு என்றதும் கொஞ்சம் முகம் சுருங்கியது. சன்னலோரம் உட்கார வைத்து, என்னுடைய ஹெட்ஃபோனை மாட்டிவிட்டேன். சுற்றுச்சத்தத்தை மைக் மூலம் வாங்கி, அதற்கு நேரெதிரான அலையை உண்டாக்கி அதை அணைத்துவிடும் வகை. எஞ்சின் உறுமல் போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான சத்தத்தைத்தான் அது நன்றாக அணைக்கும். அதாவது, ஐம்பது வருடமாகப் பேருந்துகள் விழுங்கிய ஸ்வரங்கள் இருந்த இடத்தை அது காலிசெய்து கொடுக்கிறது. ஜானகி பாடிய பாட்டு ஒன்றைப் போட்டேன். அம்மாவுக்கு வரிவரியாகத் தெரிந்த பாட்டு, நூறு கல்யாண வீடுகளில் கேட்டது. முதல் இடையிசை முடியும்போது என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏம்மா, இம்புட்டு இருந்துச்சா இதுக்குள்ள?"

பேருந்தே திரும்பிப் பார்க்கும் சத்தத்தில் கேட்டாள். அவளுக்கு அவள் குரல் கேட்கவில்லை. அதன் பிறகு செய்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரு பக்கத்தைக் காதிலிருந்து நகர்த்திவிட்டு, "ஒரு காதுக்குப் போதும். நீ கூப்பிட்டாக் கேக்கணும்ல" என்றாள். நான் கூப்பிட மாட்டேன் என்றேன். கூடலூர் வரைக்கும் ஒரு காதுதான்.

லோயர் கேம்ப் வந்தது. மலையிலிருந்து மின்நிலையத்துக்கு இறங்கும் ராட்சதக் குழாய்கள் தெரிந்தன. சின்னத்தாயின் நினைவிடம் இங்கேதான் இருக்கிறது. மருமகள் ஜீவாவும் பக்கத்திலேயே. 2024 ஜனவரி 25 அன்று மறைந்த பேத்தி பவதாரிணியை இவர்கள் அருகிலேயே அடக்கம் செய்தார்கள். 'பாரதி' படத்தில் பாடியதற்காகத் தேசிய விருது பெற்றவர். ரேவதி இயக்கி, பெண்களே படக்குழுவாக இருந்து 2002-ல் வந்த 'மித்ர், மை ஃப்ரெண்ட்' படத்துக்கு இசையமைத்தவர். ரேடியோவை விற்றவரும், இசைக்கூடத்தில் தன் பெயரில் இசையமைத்தவரும் ஒரே மண்ணில். அம்மாவிடம் சொன்னேன். கையெடுத்துக் கும்பிட்டாள். "ரேடியோவத் திருப்பி வாங்கிக் குடுத்தாய்ங்களா?" என்று கேட்டாள். பிள்ளைகள் பெரிய ஆளாகி வீடே வாங்கிக் கொடுத்திருப்பார்கள் என்றேன். "வீடு கெடக்கு. ரேடியோ?" என்றாள்.

வண்டி மலையேறத் தொடங்கியது. அவள் கையில் போனைக் கொடுத்து, பாட்டை மாற்றும் இடத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றில் நின்றாள். நகர்த்தி வைத்திருந்த பக்கத்தை இழுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். இரண்டாவது வளைவில் கண்டக்டர் வந்து, சன்னல் கதவை இறக்கிவிடச் சொல்லி, "அம்மா... அம்மா" என்று இரண்டு முறை கூப்பிட்டார். அம்மா திரும்பவில்லை.